கப்பலின் பாயை நெய்தது யார்?

“அந்தக் காலத்தில் பெண்கள் இப்படியெல்லாம் இருந்திருக்க முடியாது.” பண்டைய வரலாற்றை வைத்து உருவாகும் வீடியோ கேம் ஒன்றில் ஒரு பெண் வாளைத் தூக்கினால் போதும், இந்த வாக்கியம் வந்துவிடும். அதே கேமில் ஒற்றைக்கண் அரக்கன் வருவான். பாம்புக் கூந்தல்காரி பார்வையாலேயே ஆளைக் கல்லாக்குவாள். மலையுச்சியிலிருந்து குதித்தவர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நடப்பார். அதற்கெல்லாம் யாரும் சான்று கேட்பதில்லை. பெண்ணிடம் மட்டும்தான் சான்றிதழ் கேட்கிறார்கள்.

நான் கல்லூரியில் உலக வரலாறு கற்பிக்கிறேன். கிரேக்கப் பாடம் தொடங்கும்போது, அக்ரோபோலிஸ் குன்றின் மேல் எந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்று பாடநூலைத் திறக்காமலே சொல்லும் மாணவி இப்போது வகுப்புக்கு ஒருத்தியாவது இருக்கிறாள். விசாரித்தால், அண்ணனின் கம்ப்யூட்டரில் ‘அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி’ விளையாடியிருப்பாள். இல்லையென்றால் வேறு யாரோ விளையாடியதை யூடியூபில் பார்த்திருப்பாள். அந்த ஊரின் தெருக்களில் நடந்துவிட்டு வந்த உணர்வு அவளுக்கு இருக்கிறது. பாடநூலால் அதைத் தர முடியவில்லை. ஒரு தலைமுறை தன் பழங்காலத்தை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது என்றால், அந்தத் தெருக்களை யார், எதை வைத்து, யாரை விட்டுவிட்டுக் கட்டினார்கள் என்பது வரலாற்று மாணவிகள் கேட்க வேண்டிய கேள்வி.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2018 அக்டோபரில் வெளியிட்ட கேம் அது. கதை முக்கியமாகக் கி.மு. 431இல், ஏதென்ஸுக்கும் ஸ்பார்டாவுக்கும் பெலப்பொனேசியப் போர் மூளும் நேரத்தில் தொடங்குகிறது. காசாண்ட்ரா, அலெக்ஸியோஸ் என்ற உடன்பிறந்தோரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து விளையாடலாம். அதில் செய்திருக்கும் வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அருங்காட்சியகங்களில் வெள்ளை வெளேரென்று பார்த்துப் பழகிய பளிங்குச் சிலைகள் இங்கே சிவப்பும் நீலமுமாக வண்ணம் பூசி நிற்கின்றன. உண்மையில் அவை அப்படித்தான் இருந்தன. 2019இல் சண்டைகளை எல்லாம் நீக்கிவிட்டு, நடந்து பார்த்துக் கற்பதற்காகவே ‘டிஸ்கவரி டூர்’ என்ற தனிப் பதிப்பையும் கொண்டுவந்தார்கள். அதில் நம்மை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளில் ஒருத்தி அஸ்பாசியா. என் கேள்விகளும் அவளிடமிருந்தே தொடங்குகின்றன.

அஸ்பாசியா மிலேட்டஸ் நகரத்துப் பெண். ஏதென்ஸில் குடியேறி, அந்நகரின் செல்வாக்கு மிக்க தலைவர் பெரிக்ளிஸுடன் வாழ்ந்தவள். தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ் குடிமக்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்ற சட்டத்தைக் கி.மு. 451இல் கொண்டுவந்தவர் அதே பெரிக்ளிஸ்தான். அந்தச் சட்டத்தின்படி அவர்கள் இருவருக்கும் பிறந்த மகன் குடிமகன் ஆக முடியாது. கொள்ளைநோயில் பெரிக்ளிஸின் முதல் மனைவிக்குப் பிறந்த மகன்கள் இறந்த பிறகு, தனிச்சலுகையாகத்தான் அவனுக்குக் குடியுரிமை கிடைத்தது. பேச்சுக்கலையில் அவள் தனக்கு ஆசிரியை என்று சாக்ரடீஸ் சொல்வதாகப் பிளேட்டோ ஓர் உரையாடலில் எழுதுகிறார். அவள் எழுதியதாக ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

அவளைப் பற்றி ஆண்கள் எழுதியவை மட்டும் இருக்கின்றன. கி.மு. 425இல் அரங்கேறிய ஒரு நகைச்சுவை நாடகத்தில், அஸ்பாசியாவின் வீட்டுப் பெண்கள் இருவரை மெகாராக்காரர்கள் தூக்கிப்போனதால்தான் இந்தப் பெரும்போரே மூண்டது என்று அரிஸ்டோபனிஸ் கிண்டலடிக்கிறார். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து எழுதிய புளூடார்க், அவள் மீது தெய்வ நிந்தனை வழக்குப் போடப்பட்டதையும், இன்னொரு போரே அவளுக்காக நடந்தது என்ற பேச்சையும் பதிவு செய்கிறார். ஆணின் அரசியல் முடிவுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் சூழ்ச்சியைத் தேடுவது எவ்வளவு பழைய பழக்கம் என்பதற்கு இவை சாட்சி.

கேம் அவளை என்ன செய்தது? கிரேக்கம் முழுவதையும் ஆட்டிவைக்கும் ரகசியக் கூட்டம் ஒன்று கதையில் வருகிறது. முகமூடி அணிந்த அதன் உறுப்பினர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டே போனால், கடைசியில் எல்லோருக்கும் தலைமையாக நிற்பவள் அஸ்பாசியா. 2,400 ஆண்டுகளுக்கு முன்னால் நாடக மேடையில் சிரிப்புக்காகச் சொன்ன வம்பு, கோடிக்கணக்கில் பணம் போட்டு உருவாக்கிய உலகத்தின் இறுதி ரகசியமாகிவிட்டது. அவளுக்கு அறிவும் துணிவும் கொடுத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பெண்ணிடம் இருக்கும் அறிவு கடைசியில் சதியாகத்தான் முடியும் என்ற பழைய அச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். கோயிலின் தூணை அளந்து கட்டியவர்கள், அஸ்பாசியாவைக் கட்ட எடுத்த மூலப்பொருளை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று கேட்டிருக்கலாம்.

சரி, எழுத்துச் சான்றுகள் ஆண்களுடையவை. வேறு என்ன சான்று இருக்கிறது? மண்ணுக்குள் இருக்கிறது. வட கிரேக்கத்தில் ஒலிந்தோஸ் என்ற நகரத்தைக் கி.மு. 348இல் மாசிடோனிய அரசன் இரண்டாம் பிலிப் அழித்தான். அந்த நகரத்தின் வீடுகளை அகழ்ந்தபோது வீட்டுக்கு வீடு சுடுமண் எடைக்கட்டிகள் கிடைத்தன. கிரேக்கத் தறி நம் குழித்தறியைப் போல உட்கார்ந்து நெய்வது அல்ல. செங்குத்தாகச் சுவரில் சாய்த்து நிறுத்திய மரச்சட்டம் அது. மேலிருந்து பாவு நூல்கள் தொங்கும். அவை விறைப்பாக நிற்க அடியில் இந்தக் கட்டிகளைக் கட்டுவார்கள். பெண்கள் நின்றபடியே, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, ஊடை நூலை மேல்நோக்கி அடித்து நெய்வார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய எண்ணெய்க் குடுவை ஒன்று இருக்கிறது. அமாஸிஸ் ஓவியர் தீட்டியது. கம்பளியை எடை போடுவது, நூற்பது, நெய்வது, நெய்ததை மடித்து வைப்பது என்று வேலை முழுவதையும் அதில் பார்க்கலாம். செய்பவர்கள் எல்லோரும் பெண்கள்.

நெய்வதைவிட நூற்பதற்கே அதிக நேரம் ஆகும் என்பது தக்களி பிடித்தவர்களுக்குத் தெரியும். உடுத்தும் துணி, போர்வை, சாக்கு, பிணத்தின் மேல் போர்த்தும் துணி என எல்லாமே இப்படிக் கையால் நூற்ற நூலிலிருந்து வந்தவை. ஏதென்ஸின் காவல் தெய்வமான அதீனாவுக்குத் திருவிழாவில் சாத்தும் ஆடையையும் பெண்களே நெய்தார்கள். அந்த வேலையைத் தொடங்கிவைக்க ஏழு முதல் பதினோரு வயதுக்குள் இருக்கும் சிறுமிகளைத் தேர்ந்தெடுத்து அக்ரோபோலிஸில் தங்கவைத்தார்கள்.

இப்போது கேமுக்குத் திரும்பிப் பாருங்கள். காசாண்ட்ரா தன் ஆயுதங்களையும் கப்பலையும் மேம்படுத்த இரும்பு சேகரிக்கிறாள், ஒலிவ மரம் சேகரிக்கிறாள், விலங்கின் தோல் சேகரிக்கிறாள். நூல் சேகரிப்பதில்லை. அவள் கப்பலில் பாய் விரிகிறது, காற்றில் உப்புகிறது, வேண்டிய படம் போட்டதாக மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. அதை யார் நெய்தார்கள் என்ற கேள்விக்கு அந்த உலகத்தில் இடமே இல்லை. ஏதென்ஸ் அரசும் இப்படித்தான் நடந்துகொண்டது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் கடற்படைக் கல்வெட்டுகள் எந்தக் கப்பலுக்கு எந்தப் பாய், எத்தனை துடுப்பு என்று கணக்கு வைத்திருக்கின்றன. துணி எகிப்திலிருந்து வந்திருக்கலாம், உள்ளூரில் நெய்ததாகவும் இருக்கலாம். நெய்தவர் பெயர் அந்தக் கணக்கில் இல்லை. கேமை உருவாக்கியவர்கள் பழைய ஏதென்ஸுக்கு விசுவாசமாக இருந்த இடம் இதுதான் போலிருக்கிறது.

கற்பனை உலகம் ஒன்றை நம்ப வைப்பது எது என்று கேட்டால், கட்டடங்களின் துல்லியம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். இந்த ஊரில் இன்று இரவு சாப்பாடு எங்கிருந்து வரும், தண்ணீரை யார் தூக்குகிறார்கள், குழந்தை பிறந்தால் யாரைக் கூப்பிடுவார்கள், செத்தவரை யார் குளிப்பாட்டுவார்கள் என்பதற்கு அந்த உலகத்தில் விடை இருக்க வேண்டும். விடை இருந்தால் ஊர், இல்லையென்றால் சினிமா செட். இந்தக் கேள்விகளில் ஒவ்வொன்றும் நம்மைப் பெண்களிடமும் அடிமைகளிடமும் கொண்டுபோய் நிறுத்தும். கேமில் மருத்துவர் என்றால் ஹிப்போகிரட்டீஸ் வருகிறார். ஏதென்ஸ் பகுதியில் கிடைத்த கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்லறைக் கல் ஒன்று பனோஸ்ட்ராடே என்ற பெண்ணைப் பேறுகாலம் பார்ப்பவள், மருத்துவர் என்று இரண்டு சொற்களாலும் குறிப்பிடுகிறது. அவளும் வரலாறுதான், கல்லில் வெட்டிய வரலாறு.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இதே நிறுவனத்தின் ‘ஒரிஜின்ஸ்’, கிளியோபாட்ரா காலத்து எகிப்தில் நடக்கும் கேம். 2018இல் வெளிவந்த அதன் டிஸ்கவரி டூரில் ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. சிறுவர்களும் சிறுமிகளும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். அக்காலத்தில் வகுப்பறை இப்படி இருக்கவில்லை, எல்லோருக்கும் இடம் தருவதற்காகத் தெரிந்தே இப்படி வைத்தோம் என்று அங்கேயே குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். மறைக்காமல் சொன்னது நேர்மை. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. கதவு சாத்தியிருந்தது என்பதை அழித்துவிட்டால், அந்தக் கதவைத் தட்டியவளும், பின்வாசல் வழியாக உள்ளே போனவளும் சேர்ந்தே அழிந்துபோகிறார்கள். ஆணாதிக்கத்தைத் துடைத்துவிட்ட பழங்காலம் பார்க்க இனிமையாக இருக்கும். ஆனால் நம் பாட்டிகள் எதோடு மல்லுக்கட்டினார்கள் என்று அதில் தெரியாது.

கேம் என்பதே விதிகளால் ஆனது. ஏதென்ஸில் பெண்ணின் வாழ்க்கையும் விதிகளால் ஆனது. முதலில் தந்தை, பிறகு கணவன், அவனுக்குப் பின் மகன் என்று எப்போதும் ஓர் ஆண் காவலன் இருந்தாக வேண்டும். நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான். ஒரு மெதிம்னோஸ், அதாவது சுமார் 52 லிட்டர் வாற்கோதுமையின் மதிப்புக்கு மேல் அவள் தன் பொறுப்பில் கொடுக்கல் வாங்கல் செய்யக்கூடாது. ‘கௌரவமான’ பெண்ணின் பெயரை, அவள் உயிரோடிருக்கும்போது, நீதிமன்றத்தில் உச்சரிப்பதையே தவிர்த்தார்கள். கி.மு. 345 வாக்கில் யூக்ஸிதியோஸ் என்பவர் தன் குடியுரிமைக்காக வழக்காட வேண்டி வந்தது. அம்மா சந்தையில் ரிப்பன் விற்றவள், பிறர் குழந்தைக்குப் பால் கொடுத்துக் கூலி வாங்கியவள் என்பது எதிரிகளின் வாதங்களில் ஒன்று. வறுமையால் செய்தாள் என்று மகன் பதில் சொல்கிறார். தெருவில் இறங்கி வேலை செய்த பெண்கள் அன்றும் இருந்தார்கள் என்பதை, அவர்களை இழிவுபடுத்த வந்த வழக்கே நமக்குச் சொல்லிவிடுகிறது.

விதி இருக்கும் இடத்தில் சந்தும் இருக்கும். கேமில் காசாண்ட்ரா ஒலிம்பிக் போட்டியில் இறங்கி மல்லுக்கட்டலாம். உண்மையில் பெண்கள் அங்கே போட்டியிட முடியாது. மணமான பெண்கள் பார்வையாளராகக்கூட வரக்கூடாது. ஆனால் தேர்ப் போட்டியில் பரிசு ஓட்டியவனுக்குக் கிடையாது, குதிரைகளின் உரிமையாளருக்குத்தான். ஸ்பார்டாவின் அரச குடும்பத்துப் பெண் கினிஸ்கா இந்தச் சந்தைப் பிடித்துக்கொண்டாள். கி.மு. 396இலும் 392இலும் அவளுடைய குதிரைகள் வென்றன. களத்தில் கால் வைக்காமலே இரண்டு முறை ஒலிம்பிக் வெற்றியாளர் ஆனாள். இன்னொரு தாய், பயிற்சியாளர் வேடத்தில் நுழைந்து மகனின் வெற்றியைப் பார்த்துவிட்டாள் என்றும், அதன் பிறகு பயிற்சியாளர்களும் ஆடையில்லாமல்தான் வர வேண்டும் என்று விதி போட்டார்கள் என்றும் பாசனியாஸ் எழுதுகிறார். தெஸ்மோபோரியா என்ற மூன்று நாள் திருவிழாவில் மணமான பெண்கள் வீட்டை விட்டு வந்து ஒன்றாகத் தங்கினார்கள். ஆண்களுக்கு அங்கே அனுமதி இல்லை. உள்ளே என்னதான் பேசிக்கொள்வார்கள் என்ற கவலை அரிஸ்டோபனிஸுக்கு ஒரு முழு நாடகம் எழுதும் அளவுக்கு இருந்தது. கேம் வடிவமைப்பவருக்கு இதைவிடச் சுவையான களம் வேறென்ன வேண்டும்?

புராணத்தை எடுத்தாளும்போதும் இதே கவனம் வேண்டும். கேமில் லெஸ்போஸ் தீவில் மெடூசாவை எதிர்கொள்வது பெரிய சண்டைகளில் ஒன்று. எந்த மெடூசா? பழைய ஹெசியோடின் கதையில் கடல் தெய்வம் பொசைடன் அவளுடன் புல்வெளியில் கூடுகிறான். பல நூற்றாண்டுகள் கழித்து ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதும்போது, அவன் அவளைக் கோயிலுக்குள்ளேயே வன்புணர்கிறான். தண்டனை பெறுபவள் அவள், கூந்தல் பாம்புகளாகிறது. புராணத்துக்கு ஒரே பாடம் என்று எதுவும் கிடையாது. ‘மூலக்கதையில் அப்படித்தான் இருக்கிறது’ என்று சொல்பவர், பல மூலங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் சொல்கிறார்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வி நம்மை நிறுவனத்துக்குள்ளேயே கொண்டுபோகிறது. 2014இல் இதே வரிசையில் வந்த ‘யூனிட்டி’ பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நடப்பது. சேர்ந்து விளையாடும் பகுதியில் பெண் பாத்திரமே இல்லையே என்று கேட்டபோது, அசைவுகள், உடைகள் என வேலை இரட்டிப்பாகும் என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். 2020 ஜூலையில் ப்ளூம்பெர்க் வெளியிட்ட செய்தி இன்னும் விரிவானது. ஒடிசியை உருவாக்கிய குழு காசாண்ட்ராவை மட்டுமே நாயகியாக வைக்க விரும்பியது. பெண்ணை முன்னிறுத்தினால் விற்காது என்ற எண்ணம் மேலிடத்தில் இருந்ததால், ஆணையும் சேர்த்துத் தேர்வாக்கினார்கள் என்றது அது. அதற்கு முன், 2019 ஜனவரியில் வந்த கூடுதல் அத்தியாயத்தில் இன்னொன்றும் நடந்தது. காதலிப்பதும் காதலிக்காமல் இருப்பதும், ஆணைக் காதலிப்பதும் பெண்ணைக் காதலிப்பதும் உங்கள் விருப்பம் என்று சொல்லி விற்ற கேம் அது. அந்த அத்தியாயத்தில் மட்டும், அதுவரை எப்படி விளையாடியிருந்தாலும் காசாண்ட்ரா ஓர் ஆணுடன் வாழ்ந்து குழந்தை பெற்றே ஆக வேண்டும். அதற்குத் தரப்பட்ட விருதின் பெயர் ‘வளர்ந்து ஆளாவது’ என்ற பொருளில் இருந்தது. பெண்களைக் காதலித்த காசாண்ட்ராவாக நூறு மணி நேரம் விளையாடியவர்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, விருதின் பெயரையும் மாற்றியது. கல்யாணம் ஆனால்தான் பெண் முழுமையடைகிறாள் என்று நம் வீட்டில் சொல்வதைக் கேட்டு வளர்ந்த என் மாணவிகளுக்கு இந்தச் செய்தியை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காசாண்ட்ரா என்ற பெயர் டிராய் நகரத்து இளவரசியுடையது. அப்பல்லோவின் ஆசைக்கு இணங்க மறுத்ததால், அவள் சொல்லும் உண்மையை யாரும் நம்பாதபடி சபிக்கப்பட்டவள். ‘நம்பும்படியாக இல்லை’ என்ற தீர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் அவள் நினைவு வருகிறது. நம்பகத்தன்மை என்று நாம் சொல்வதில் பாதி, சான்றைப் பொறுத்தது. மீதிப் பாதி, பார்த்துப் பார்த்துப் பழகியதைப் பொறுத்தது. அரங்கில் சண்டையிடும் ஆணைப் பழகிவிட்டோம், நம்புகிறோம். தறியருகே நின்று ஒரு நாளில் பல மைல் நடந்த பெண்ணை யாரும் நமக்குக் காட்டவில்லை.

கடந்த பருவத்தில் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். கம்ப்யூட்டர் வேண்டாம், அட்டையும் பேனாவும் போதும். ஏதென்ஸில் ஒரு பெண்ணின் ஓராண்டை விளையாட்டாக வடிவமைக்க வேண்டும். விதிகள் உண்மையாக இருக்க வேண்டும், சந்துகளும் உண்மையாக இருக்க வேண்டும். ஒரு குழு வாற்கோதுமை வரம்பை எடுத்துக்கொண்டது. பெரிய பொருள் வாங்க வேண்டுமென்றால், பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து வரம்புக்குள் பிரித்துப் பிரித்து வாங்கலாம். ஆனால் ஒருத்தி சொன்ன வார்த்தை தவறினாலும் எல்லோருக்கும் நஷ்டம். இன்னொரு குழுவின் நாயகி அடிமைப்பெண். அவளுக்குத் தெஸ்மோபோரியாவில் இடம் தரலாமா, கூடாதா என்று அவர்களுக்குள் பெரிய சண்டை. குடிமகனின் மனைவிக்குத் திறக்கும் கதவு எல்லாப் பெண்களுக்கும் திறக்காது என்பதை நான் பாடமாகச் சொல்வதற்கு முன்பே, விதி எழுதும்போது அவர்களே முட்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது குழு அட்டையில் ஒரு கப்பல் வரைந்திருந்தது. அதைக் கடலில் இறக்க எத்தனை முழம் துணி வேண்டும், அதற்கு எத்தனை பேர் எத்தனை நாள் நூற்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய விளையாட்டு. போர் எப்போது வரும் என்று ஒருத்தி கேட்டாள். பாய் தயாரானதும் வரும் என்றாள் அதை வரைந்தவள்.